பார்க்கின்சன் உள்ளவருக்கு எது அவசரம், எது காத்திருக்கலாம்?

கேள்வி கேட்டவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் மகள். அப்பாவுக்கு 68 வயது, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். எட்டு வருடமாகப் பார்க்கின்சன் (கை நடுங்கி, உடம்பு விறைக்கும் மூளை நரம்பு நோய்), ஒரு நாளைக்கு ஐந்து வேளை அதற்கான மடோபார் மாத்திரை. போன நோன்புப் பெருநாள் விடுமுறையில் மாத்திரை தீர்ந்து, இரண்டு நாள் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். உடம்பு கட்டையாகி, படுக்கையில் புரளக்கூட முடியாமல் போயிருக்கிறது. மாத்திரை கிடைத்ததும் மெல்லச் சரியாகியிருக்கிறது. இப்போது அவருடைய கேள்விகள் மூன்று: எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? அங்கே என்ன சொல்ல வேண்டும்? பக்கத்து வீட்டு அண்ணன் மாத்திரையை விட்டுவிட்டுப் பூனைக்காலிப் பொடி கொடுக்கச் சொல்கிறாரே, கொடுக்கலாமா?

நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் எச்.ஏ.வாக (ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட்) ஆரம்பித்து, பிறகு பல ஊர் ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் 'அவசரம்' என்று சொன்னால், 1948 ஜூன் மாதம் இங்கே சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் மூன்று பேர் சுடப்பட்டு நாடு முழுக்க அவசரகாலம் வந்த கதையை ஆரம்பித்துவிடுவார்கள். நான் பார்த்த அவசரம் பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு வேனில் வந்து இறங்கும் அவசரம்.

தங்கச்சி, அந்த இரண்டு நாளில் நீங்கள் ஒரு பெரிய பள்ளத்தின் ஓரம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறீர்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பார்க்கின்சன் வீட்டில் எல்லாருடைய கண்ணும் நடுக்கத்தின் மேல்தான் இருக்கும். கை அதிகமாக ஆடினால் பதறுவார்கள். ஆனால் நடுக்கம் யாரையும் கொன்றதாக நான் பார்த்ததில்லை. ஆடிக்கொண்டிருந்த கை ஆடாமல் விறைத்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அப்போதுதான் பதற வேண்டும். இந்த நோய்களில் நான் பார்த்த அவசரங்களில் பாதிக்கு மேல் மருந்தினால் வந்தவை. ஒன்று, தர வேண்டிய மருந்து நின்றுபோயிருக்கும். இல்லையென்றால் தரக்கூடாத மருந்து உள்ளே போயிருக்கும்.

முதல் வகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு வேண்டியது அதுதான். மடோபாரில் இருக்கும் லெவோடோபா மூளைக்குள் போய், உடம்பை அசைக்க வேண்டிய டோபமின் என்ற இரசாயனமாக மாறுகிறது. எட்டு வருட நோயாளிக்குச் சொந்தமாகச் சுரக்கும் டோபமின் மிகக் குறைவு. மாத்திரைதான் வண்டியை ஓட்டுகிறது. அது திடீரென்று நின்றால் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகும். இறுகிய தசை விடாமல் வேலை செய்வது போலத்தான், சூடு கிளம்பும். உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிக்கும் டோபமின் வேண்டும், அங்கேயும் இல்லை. அதனால் காய்ச்சல் 39, 40 என்று ஏறும். வியர்வை கொட்டும், நாடித்துடிப்பு ஓடும், பிரஷர் ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் இறங்கும், பேச்சு குழறி மயக்கம் வரும். தசை நார்கள் சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கோப்பி ஓ (பால் விடாத காப்பி) நிறத்தில் வந்தால் அது ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பார்க்கின்சன் உச்சக் காய்ச்சல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 1981இல் ஜப்பான் மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். மருந்து நின்ற முக்கால் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மடோபார் மட்டும் இல்லை, அமான்டடின் போன்ற வேறு பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று விட்டாலும் வரும். மாத்திரையைச் சரியாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே கூட, நீர் வற்றினாலோ, வெயில் அடித்தாலோ, கிருமித் தொற்று வந்தாலோ, பல நாள் மலச்சிக்கல் இருந்தாலோ வருவதுண்டு. வயிறு நகராவிட்டால் மாத்திரையும் குடலுக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான் கணக்கு.

நான் வேறோர் ஊரில் இருந்தபோது ஒரு தாத்தாவைக் கொண்டுவந்தார்கள். பால்மரம் வெட்டியவர், விரல்கள் உளியைப் பிடித்த மாதிரியே வளைந்திருக்கும். ஏதோ ஓர் ஆபரேஷனுக்காக வேறோர் இடத்தில் இரண்டு நாள் பட்டினி போட்டு, எல்லா மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தும் விழுங்க முடியவில்லை என்று கொடுக்கவில்லை. காய்ச்சல் 40.2. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கி, அடுத்து எலிக்காய்ச்சல். அதற்கான இரத்தம் எல்லாம் எடுத்தாயிற்று. நான் அவர் முழங்கையை மடக்கிப் பார்த்தேன். காய்ந்த செம்பனை மட்டையை வளைப்பது போல, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இறுக்கம். டெங்கியில் உடம்பு வலிக்கும், இப்படி விறைக்காது. பாட்டியிடம் "என்ன மாத்திரை சாப்பிடுவார்?" என்று கேட்டேன். பழைய மைலோ டின்னைத் திறந்து காட்டினார். "இந்த ரோசு மாத்திரை மட்டும் நாலு நாளா கொடுக்கல தம்பி" என்றார். டாக்டரிடம் ஓடினேன். மூக்கு வழியாகக் குழாய் இறக்கி, மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, பழைய அளவிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். கூடவே டிரிப், ஈரத்துணி, காற்றாடி. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. மூன்றாம் நாள் விரல் அசைந்தது. ஐந்தாம் நாள் தேநீர் கேட்டார்.

சிகிச்சை அதுதான்: நின்ற மருந்தைத் திருப்பிக் கொடுப்பது, நீர் ஏற்றுவது, உடம்பைக் குளிர வைப்பது, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் கவனிப்பது, காலில் இரத்தம் உறையாமல் பார்ப்பது. கடுமையாக இருந்தால் டோபமின் வேலையைச் செய்யும் புரோமோகிரிப்டின், தசையைத் தளர்த்தும் டான்ட்ரோலின் சேர்ப்பார்கள். குழாய்கூட இறக்க முடியாவிட்டால் டோபமின் போலவே வேலை செய்யும், தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் பட்டை இருக்கிறது, எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. வெறும் பனடோல் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது மேலே தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான்.

இதன் இரட்டைப் பிறவி ஒன்று இருக்கிறது. மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் இதே விறைப்பு, இதே காய்ச்சல், இதே மயக்கம் வரும். பிரான்ஸ் மருத்துவர்கள் 1960இல் இதைப் பதிவு செய்தார்கள். பார்வைக்கு இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்றில் மருந்தை நிறுத்த வேண்டும், மற்றதில் மருந்தைத் திருப்பித் தர வேண்டும். எது எது என்று இரத்தப் பரிசோதனை சொல்லாது, கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டியின் மைலோ டின் ஒரு ஸ்கேன் மிஷினுக்குச் சமம் என்று நான் புதிய பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. அவர்கள் சிரிப்பார்கள்.

சரி, தரக்கூடாத மருந்து பற்றி. உங்கள் அப்பாவுக்கு வாந்தி வந்தால் ஏதாவது ஒரு கிளினிக்கில் மெட்டோகுளோபிரமைட் ஊசி போடுவார்கள், மேக்சலோன் என்று கேட்டிருப்பீர்கள். தலைசுற்றலுக்கு ஸ்டெமெட்டில் கொடுப்பார்கள். இரண்டுமே மூளையில் டோபமினைத் தடுப்பவை; எட்டு வருடமாகச் சேர்த்ததை ஒரே ஊசியில் கவிழ்த்துவிடும். தலைசுற்றலுக்கு நாமே வாங்கிப் போடும் ஸ்டூஜெரோனும் வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் போலவே விறைப்பைக் கொண்டுவரும். வாந்திக்கு டோம்பெரிடோன் கேளுங்கள். இதயக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள், அது இதயத் துடிப்பைக் கொஞ்சம் தொந்தரவு செய்யக்கூடியது.

பார்க்கின்சன் இல்லாதவர்களுக்கும், அதிலும் இளவயதுக்காரர்களுக்கு, இதே வாந்தி ஊசி வேறு மாதிரி விளையாடும். படிவம் 4 படிக்கும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எலுமிச்சம்பழம். கழுத்து பின்னால் முறுக்கி, கண் இரண்டும் மேலே சொருகி, நாக்கு வெளியே தள்ளியபடி. ஆனால் பேசினால் புரிந்துகொள்கிறாள், கண்ணீர் வழிகிறது. கோவிலில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். முதல் நாள் வாந்திக்கு ஊசி போட்டதாக அம்மா சொன்னதும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் புரோசைக்ளிடின் 5 மில்லிகிராம் நரம்பில் ஏற்றினார். பத்து நிமிடத்துக்குள் கண் கீழே இறங்கியது. கழுத்து நேரானது. பிள்ளை முதலில் கேட்டது தண்ணீர்; எலுமிச்சம்பழம் அங்கேயே டிராலியில் கிடந்தது. என் வேலையில் இவ்வளவு சீக்கிரம் பலன் கண்ணில் தெரியும் சிகிச்சை வேறு இல்லை. ஊசியின் வேலை முடிந்ததும் திரும்ப வரும் என்பதால் இரண்டு மூன்று நாள் மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இழுப்பு என்று நினைத்து வலிப்பு மருந்து போடுவதும், நடிக்கிறாள் என்று திட்டுவதும், தாடை பூட்டியிருப்பதைப் பார்த்து டெட்டனஸ் என்று பயப்படுவதும் இதில் சாதாரணம். குரல்வளை இறுகி மூச்சு விசில் அடித்தால் மட்டும் இது உயிர்போகும் விஷயம்.

இருமல் மருந்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு செலிஜிலின் அல்லது ரசாஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரை கொடுத்திருந்தால், கடையில் வாங்கும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்பன் இருமல் மருந்து, வலிக்கு டிரமடோல், பெத்திடின் ஊசி, இவற்றோடு சேரக்கூடாது. சேர்ந்தால் செரோடோனின் என்ற இன்னொரு மூளை இரசாயனம் அதிகமாகி ஒரு நாளைக்குள் காய்ச்சல், வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் எல்லாம் வரும். விறைப்பில் இருந்து இதைப் பிரித்துக் காட்டுவது கால். பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் அது தாளம் போடுவது போலத் துள்ளும். வேகமாக வரும், மருந்துகளை நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கும். 1984இல் நியூயார்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி, இதே குடும்பத்தைச் சேர்ந்த மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோது பெத்திடின் போட்டு இறந்துபோன வழக்கு, பயிற்சி மருத்துவர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்ற சட்டத்தையே அங்கே மாற்றியது.

மாயக்காட்சியும் வரும். ராத்திரியில் "கூரையில் பூனை நிக்குது, வாசலில் அம்மா வந்து நிக்கிறாங்க" என்பார்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் அடுத்த தேதியில் டாக்டரிடம் சொன்னால் போதும். பயந்து கத்தி, கட்டையை எடுத்தால் அன்றைக்கே போக வேண்டும். முதலில் சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, நீர் வற்றல் இவற்றைத் தேடச் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு அதுதான் அடிக்கடி காரணம். நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்ஸால் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சந்தேகப்படலாம். அடக்குவதற்கு ஹாலோபெரிடால் ஊசி எடுத்தால் "பார்க்கின்சன் இருக்கு, வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாகக் கியூட்டியாபின் குறைந்த அளவில் கொடுப்பார்கள். இதைச் சொல்ல எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். டாக்டருக்கே சொல்வதா என்று. ராத்திரி மூன்று மணிக்கு முப்பது நோயாளிகளைப் பார்த்த பிள்ளை டாக்டருக்கு நீங்கள் சொல்வது உதவிதான்.

உங்கள் அப்பாவுக்கு இல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிய வேண்டிய ஒன்று: சர்க்கரை நோய் உள்ள வயதானவருக்கு, பெரும்பாலும் பாட்டிகளுக்கு, திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் வீசி அடிக்க ஆரம்பிக்கும். தட்டைத் தள்ளும், சுவரில் மோதும், தூங்கினால் நிற்கும். பக்கவாதமாக இருக்கலாம், அதனால் உடனே போக வேண்டும். ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 25, 30 மில்லிமோல் என்று இருக்கும். தலை ஸ்கேனில் ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிவதை இரத்தக்கசிவு என்று நினைத்துவிடுவதும் உண்டு. இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கினால் பலருக்கு நாள்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் அடங்கிவிடும். மலேசியாவில் நம் ஆட்களிடம்தான் சர்க்கரை அதிகம், தேநீரில் பால் டின்னைக் கவிழ்ப்பதைப் பற்றி நான் இங்கே ஆரம்பிக்கவில்லை.

ஒரு பக்கம் திடீரென்று பலம் குறைந்து வாய் கோணினால் பார்க்கின்சன் கூடிவிட்டது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அது பக்கவாதம்; இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் இருக்கிறது, அதில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமும் அடக்கம். விழுந்து தலையில் அடிபட்டு, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் எடுப்பவர் என்றால், காயமே தெரியாவிட்டாலும் போக வேண்டும்.

நிறையப் பேரைக் கடைசியில் கொண்டுபோவது இவை எதுவும் இல்லை, சோறுதான். விழுங்கும் தசைகள் மெதுவாகி உணவு நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாக மாறும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் ஈரமான குரல், காரணம் தெரியாத காய்ச்சல், இந்த மூன்றையும் கவனியுங்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையை லேசாகக் கீழே இறக்கி விழுங்கச் சொல்லுங்கள். தொண்டையில் அடைத்து இருமவும் முடியாமல், சத்தமும் வராமல் போனால் முன்னால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஐந்து அடி, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் ஐந்து தடவை உள்ளும் மேலுமாக அழுத்துவது. 999 அழைக்க இன்னொருவரை ஓடச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு தாளில், மலாயில் எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள். நோயின் பெயர், எத்தனை வருடம், ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு. 'காலை மதியம் இரவு' என்று எழுதாதீர்கள். 6, 10, 2, 6, 10 என்று மணியாக எழுதுங்கள், வார்டில் எல்லாருக்கும் மருந்து தள்ளும் நேரம் வேறு. கீழே தடித்த எழுத்தில் கூடாத மருந்துகள்: மெட்டோகுளோபிரமைட், ஸ்டெமெட்டில், ஹாலோபெரிடால். அவசரப் பிரிவில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "பார்க்கின்சன், கடைசி மாத்திரை எப்போது கொடுத்தோம்" என்பது. மருந்துப் பையையும் எடுத்துப் போங்கள். வார்டில் அந்த மாத்திரை உடனே கிடைக்காவிட்டால் உங்களுடையதைக் கேட்பார்கள். ஆபரேஷனுக்குப் பட்டினி என்றாலும், ஒரு வாய்த் தண்ணீரோடு இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். குழாய் வழியாகக் கொடுத்தால் பால் உணவோடு சேர்க்காமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், புரதமும் இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைத் தடுக்கும். மடோபாரில் எச்.பி.எஸ். என்று எழுதிய, மெதுவாக மருந்தை விடும் கேப்ஸ்யூலை மட்டும் பிரித்துக் கரைக்கக் கூடாது. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக வேண்டாம்.

உடனே புறப்பட வேண்டிய நேரம் எது என்றால்: விறைப்போடு 38க்கு மேல் காய்ச்சல், கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை, விழுங்க முடியாமல் இரண்டு வேளை மாத்திரை தவறியது, கோப்பி ஓ நிறச் சிறுநீர், மூச்சில் விசில். இதில் ஒன்று போதும். கிளம்பும் வரை சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, காற்றாடி போட்டு, ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தேனும் வேண்டாம், பாலும் வேண்டாம். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போங்கள், 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்கு அவர்களே ஆம்புலன்ஸில் அனுப்புவார்கள். சொந்தக் காரில் நேராக ஈப்போ என்று கிளம்பி நடுவழியில் தவித்தவர்கள் உண்டு.

பூனைக்காலி அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் சொல்வதில் பாதி உண்மை. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது; 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இன்று செம்பனைத் தோட்டங்களில் தரையை மூடப் போடும் கொடியும் அதன் நெருங்கிய சொந்தம்தான், உங்கள் அப்பா அதன் மேல் நடந்தே வேலை பார்த்திருப்பார். ஆனால் மடோபாரில் லெவோடோபாவோடு பென்செராசைடும் இருக்கிறது. அது லெவோடோபா மூளைக்குப் போகும் முன்னே உடம்பிலேயே செலவாகாமல் காப்பது. பொடியில் அது இல்லை, ஒரு கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்கு மாறுவது, நோன்புப் பெருநாளில் தெரியாமல் நடந்ததைத் தெரிந்தே செய்வது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தாலும் உடம்பு முறுக்கி ஆடும், மாயக்காட்சி வரும். டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம்.

அடுத்த பெருநாளுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஈப்போவில் எழுதிக் கொடுக்கும் மருந்தைப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே (அரசாங்க சுகாதார நிலையம்) வாங்க எஸ்.பி.யு.பி. என்று ஓர் ஏற்பாடு உண்டு, மருந்தகத்தில் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், மாத்திரை பத்து நாளுக்கு இறங்கினால் காலண்டரில் சிவப்புப் புள்ளி வைக்கிறார்கள். வைப்பது ஒன்பது வயதுப் பேத்தி, பாட்டியைவிட அவள்தான் கண்டிப்பு.